ஸ்கேன் சென்டர் போடப்போற டாக்டர்களுக்கு: லைசென்ஸ்ல இருந்து கேஸ் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

எம்டி ரேடியாலஜியோ டிஎம்ஆர்டியோ முடிச்சுட்டு, கொஞ்ச வருஷம் ஆஸ்பத்திரில சம்பளத்துக்கு ரிப்போர்ட் எழுதிட்டு, இனி நம்ம ஊர்லயே சொந்தமா ஒரு சென்டர் போடலாம்னு நினைக்கிற டாக்டர்களுக்காக இத எழுதுறேன். நிர்வாகம் பாக்கப்போற மேனேஜரும் வீட்டுக்காரங்களும் சேர்ந்து படிங்க, ஏன்னா நிறைய இடத்துல பேப்பர் வேலை முழுக்க அவங்க தலைலதான் விழுது. தமிழ்நாட்டுல ஒரு மாவட்டத் தலைநகர்ல அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே, சிடி மூணும் இருக்கிற ஒரு சென்டர்னு வச்சுக்கிட்டுதான் எல்லாத்தையும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. நமக்கு வர்ற லைசென்ஸ் எல்லாமே இடம், மெஷின், ஆள்னு மூணு விஷயத்தோட கட்டிப்போட்டது. இந்த இடத்துல, இந்த சீரியல் நம்பர் மெஷின்ல, இந்த டாக்டர் பாக்கலாம்னுதான் அனுமதி தர்றாங்க. இதுல எது மாறினாலும் மாறுறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தாகணும். சென்டர்கள் சீல் ஆகுற கதைய கேட்டுப் பாருங்க, பாதிக்கு மேல பழைய மெஷின மாத்திட்டு சொல்லாம விட்டது, டாக்டர் போயிட்டார் புது டாக்டர் வந்துட்டார் பேர் ஏத்தல, மாடில இருந்த ரூம கீழ கொண்டுவந்துட்டோம் அதுக்குப் போய் யாரு சொல்லுவாங்கன்னு இருந்தது, இப்படித்தான் இருக்கும்.

ஓனர் யாருங்கறத எழுத்துல வைங்க

தனியா போட்டா புரொப்ரைட்டர்ஷிப் போதும். ரெண்டு மூணு பேர் சேர்ந்தா பார்ட்னர்ஷிப், இல்ல எல்எல்பி, பெரிய முதலீடுன்னா பிரைவேட் லிமிடெட். பார்ட்னர்ஷிப்னா டீட் எழுதினா மட்டும் பத்தாது, ஃபர்ம ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 69-வது பிரிவு படி ரிஜிஸ்டர் ஆகாத ஃபர்ம், பில் பாக்கி வச்சிருக்கிற கம்பெனி மேல கூட கோர்ட்டுக்குப் போக முடியாது. டீட்ல லாபப் பங்கு எவ்வளவுன்னு எல்லாரும் எழுதுறாங்க, ஒருத்தர் வெளிய போனா என்ன ஆகும்னு யாரும் எழுதுறதில்ல. மெஷின் யாருக்கு, விலை யார் போடுவாங்க, பேங்க் லோன்ல போட்ட தனிப்பட்ட கேரண்டி யார் தலைல, போறவர் எதிர்த்த தெருவுலயே சென்டர் போடலாமா, இது நாலும் கண்டிப்பா இருக்கணும்.

டாக்டர் இல்லாத ஒருத்தர் பணம் போட்டு, நீங்க வந்து பாருங்க டாக்டர்னு கூப்பிடுற ஏற்பாடு நிறைய நடக்குது. அதுல போறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க. அவரோட பணம் போனா பணம்தான் போகும், உங்க கையெழுத்துக்குக் கீழ ஏதாவது நடந்தா உங்க மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனே போகும். நீங்க இல்லாத நேரத்துல அல்ட்ராசவுண்ட் மெஷின யாரும் தொடக்கூடாது, சாவியும் பாஸ்வேர்டும் உங்ககிட்டதான் இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க. அதுக்கு ஒத்துக்கலன்னா அந்த இடம் வேண்டாம். இன்னொன்னு, பிசிபிஎன்டிடி (கருவோட பாலினம் சொல்றத தடுக்குற சட்டம்) சர்டிபிகேட் இன்னொருத்தர் பேருக்கு மாத்தவே முடியாது. ஓனர் மாறினா சரண்டர் பண்ணிட்டு புதுசாதான் வாங்கணும்.

இடம்

வாடகை இடம்னா குறஞ்சது மெஷின் லோன் முடியுற வரைக்குமாவது லீஸ் போடுங்க, ரிஜிஸ்டர் பண்ணுங்க. தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கு, வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகார அமைப்புகிட்ட பதிவும் பண்ணணும். பதினோரு மாச அக்ரிமெண்ட வச்சுக்கிட்டு சிடி ரூம் கட்டாதீங்க. சுவர் கட்ட, ஈயத்தகடு கதவு போட, தனி இபி லைன் இழுக்க, ஜெனரேட்டர் வைக்க ஓனர் சம்மதிக்கிறார்னு ஒப்பந்தத்துலயே வாங்கிடுங்க.

சிடி தரைத்தளத்துல இருக்கிறது நல்லது, எடையும் ஒரு காரணம், கீழ ஆள் இல்லாததால ஷீல்டிங் சுலபம்ங்கறது இன்னொரு காரணம். மேல் மாடில யார் குடியிருக்காங்கன்னும் பாத்துக்கோங்க. ரூமோட அளவு, சுவர் கனம், கதவுல ஈயம் எவ்வளவு, ஜன்னல் எந்த உயரத்துல இதெல்லாம் கொத்தனார் முடிவு பண்ற விஷயம் இல்ல, மெஷின் கம்பெனி தர்ற லேஅவுட்ட ஏஇஆர்பி (கதிர்வீச்சு மெஷினுக்கு அனுமதி தர்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதியோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் செங்கல் வைங்க. இடிச்சுக் கட்டுறதுல போற காசு ரொம்ப வயித்தெரிச்சல்.

ஏஇஆர்பி: எக்ஸ்ரேவும் சிடியும்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதான் ஏஇஆர்பி, 1983-ல வந்தது. 1962 அணுசக்திச் சட்டத்துக்குக் கீழ வந்த 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்தான் அடிப்படை. கதிர்வீச்சு வர்ற மெஷினுக்குத்தான் இது, அல்ட்ராசவுண்டுக்கும் எம்ஆர்ஐக்கும் ஏஇஆர்பி கிடையாது. வேலை முழுக்க இலோராங்கற ஆன்லைன் தளத்துல நடக்கும். வரிசை இதுதான்:

1. சென்டர இலோராவுல நிறுவனமா பதிவு பண்றது.
2. வாங்கப்போற மாடலுக்கு ஏஇஆர்பி டைப் அப்ரூவல் (அந்த மாடலுக்கான ஒப்புதல்) இருக்கான்னு பாத்துட்டு, வாங்குறதுக்கான அனுமதிக்கு அப்ளை பண்றது. அட்வான்ஸ் குடுக்கிறது இதுக்கு அப்புறம்.
3. ரேடியோகிராஃபர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பேர்கள ஏத்துறது, டிஎல்டி பேட்ஜ் (ஊழியர் மேல எவ்வளவு கதிர்வீச்சு பட்டுதுன்னு அளக்குற பேட்ஜ்) வாங்குறது.
4. மெஷின் வந்து மாட்டினதும் சப்ளையர் கியூஏ டெஸ்ட் (தரப் பரிசோதனை) பண்ணி இலோராவுல தகவல் போடுறது.
5. கடைசியா இயக்குறதுக்கான லைசென்ஸ் அல்லது ரிஜிஸ்ட்ரேஷன். சிடிக்கு லைசென்ஸ், சாதா எக்ஸ்ரேக்கு ரிஜிஸ்ட்ரேஷன்.

அஞ்சாவது முடியாம பேஷண்ட டேபிள்ல படுக்க வைக்காதீங்க. திறப்பு விழா தேதி குறிச்சுட்டோம், மந்திரி வர்றார்னு எல்லாம் ஏஇஆர்பிக்கு ஒரு காரணமே இல்ல. பழைய சிடி மலிவா கிடைக்குதுன்னு புரோக்கர் சொன்னா முதல் கேள்வி விலை இல்ல, இந்த மெஷின என் பேர்ல இலோராவுல ஏத்த முடியுமாங்கறதுதான்.

அப்புறம் தொடர்ந்து பண்ண வேண்டியது: ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கியூஏ, மூணு மாசத்துக்கு ஒருதடவை டிஎல்டி பேட்ஜ் மாத்தி அனுப்புறது, லெட் ஏப்ரன் விரிசல் விட்டிருக்கான்னு செக் பண்றது, ரூம் வாசல்ல சிவப்பு லைட், கர்ப்பமா இருந்தா முன்னாடியே சொல்லுங்கன்னு தமிழ்ல போர்டு. ரேடியோகிராஃபர் மேல படுற கதிர்வீச்சு அஞ்சு வருஷ சராசரில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி வருஷத்துலயும் 30-க்கு மேல போகக்கூடாது, பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1. டிஎல்டி ரிப்போர்ட் வந்ததும் அந்தப் பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ காட்டி கையெழுத்து வாங்குங்க. அது அவங்க உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், ஃபைல்ல போட்டு மூடி வைக்கிறது நியாயமே இல்ல.

பிசிபிஎன்டிடி: இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க

கருவுல இருக்கிறது ஆணா பெண்ணான்னு சொல்றத தடுக்குற 1994 சட்டம், 2003-ல திருத்தி இன்னும் இறுக்கினாங்க. நம்ம மாநிலத்துல உசிலம்பட்டி பக்கமும் தர்மபுரி, சேலம் பக்கமும் பெண் சிசுக்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியும். அதனால இந்தச் சட்டத்த ஒரு தொல்லையா பாக்காதீங்க, நாம செய்ற தொழில்லதான் அந்தக் கொடுமைக்கு ஒரு வாசல் இருந்துச்சு.

கர்ப்பிணிகளப் பாக்கலன்னாலும் அல்ட்ராசவுண்ட் மெஷின் இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். ஜேடி ஆபீஸ்ல (மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்) ஃபார்ம் ஏங்கற விண்ணப்பத்த குடுக்கணும், சென்டருக்கு கட்டணம் 25,000, ஆஸ்பத்திரியோட சேர்ந்து எல்லா சேவையும் தர்றதா இருந்தா 35,000. ஃபார்ம் பி சர்டிபிகேட் 5 வருஷம் செல்லும், முடியுறதுக்கு 30 நாள் முன்னாடி ரினியூவலுக்குக் குடுத்திடணும், அதுக்குப் பாதிக் கட்டணம். ரினியூவல் தேதிய மேனேஜர் போன்ல மட்டும் வைக்காம உங்க போன்லயும் ஆறு மாசம் முன்னாடியே அலாரம் வைங்க.

மெஷின், டாக்டர், முகவரி எது மாறினாலும் 30 நாள் முன்னாடி தெரிவிச்சு சர்டிபிகேட்ட திருத்தி வாங்கணும். ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்துல ரெண்டு இடத்துக்கு மேல ஸ்கேன் பாக்க முடியாதுன்னு 2012-ல விதி வந்துச்சு, ஒவ்வொரு இடத்துலயும் பாக்குற நேரத்தையும் குறிப்பிடணும். போர்ட்டபிள் மெஷின பதிவான வளாகத்தவிட்டு வெளிய கொண்டுபோகாதீங்க. பக்கத்து நர்சிங் ஹோம்ல ஒரே ஒரு கேஸ், காருல வச்சு எடுத்துட்டு வாங்க டாக்டர்னு கெஞ்சுவாங்க. முடியாதுன்னு சொல்லிடுங்க. பதிவில்லாத இடத்துல மெஷின் இருந்தா சீல் வச்சு பறிமுதல் பண்ணிடுவாங்க, கேஸ் தனி.

இப்போ ஃபார்ம் எஃப். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும். பேர், வயசு, எத்தன குழந்தைங்க அதுல ஆண் எத்தன பெண் எத்தன, கணவர் அல்லது அப்பா பேர், முழு முகவரி, அனுப்பின டாக்டர் யார், கடைசி மாதவிலக்கு தேதி, எதுக்காக ஸ்கேன், என்ன தெரிஞ்சுது, குழந்தையோட பாலினத்த தெரிஞ்சுக்க விரும்பலன்னு அந்தப் பெண்ணோட உறுதிமொழி, நான் சொல்லலன்னு உங்க உறுதிமொழி. ரெஃபரல் ஸ்லிப்ப கூடவே பின் பண்ணி வைக்கணும். அடுத்த மாசம் 5-ம் தேதிக்குள்ள மொத்த அறிக்கையும் ஜேடி ஆபீஸுக்குப் போகணும், நகல்ல பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி பத்திரப்படுத்துங்க. குறஞ்சது 2 வருஷம் வைக்கணும், கேஸ் நடந்தா அது முடியுற வரைக்கும்.

ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியா விட்டா என்ன பெரிய விஷயம்னு கேக்குறவங்களுக்கு: 4(3) பிரிவு படி ஃபார்ம்ல குறையோ பிழையோ இருந்தாலே சட்டத்த மீறினதாதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்கிற பொறுப்பு நம்மமேல. இது அநியாயம், குமாஸ்தா பிழைக்கு ஜெயிலான்னு மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு ஃபாக்ஸி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 2019 மே மாசம் கோர்ட்டு ஒத்துக்கல, ஃபார்ம் எஃப்தான் இந்தச் சட்டத்தோட உயிர்நாடி மாதிரிங்கற அர்த்தத்துல தீர்ப்பு வந்துச்சு. முதல் தடவை 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 வரை அபராதம், அடுத்த தடவை 5 வருஷம், 50,000. ஜாமீன்ல விட முடியாத குற்றம். சார்ஜ் ஃப்ரேம் ஆனாலே மெடிக்கல் கவுன்சில் உங்க ரிஜிஸ்ட்ரேஷன நிறுத்தி வைக்கலாம், தண்டனை வந்தா 5 வருஷம் பேர எடுத்துடுவாங்க.

அதனால ஃபார்ம் எஃப்ப ரிசப்ஷன் பொண்ணு மேல மட்டும் போட்டுட்டு இருக்காதீங்க. என் யோசனை இதுதான்: அவங்க எழுதட்டும், ஸ்கேன் ரூமுக்குள்ள வர்றப்ப நீங்க ஒருதடவை பேஷண்டோட சேர்ந்து வாசிங்க, சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர்ல எத்தன கர்ப்பிணிகள், கைல எத்தன ஃபார்ம், மெஷின் மெமரில எத்தன ஸ்கேன்னு மூணையும் எண்ணிப் பாருங்க. மூணு எண்ணிக்கையும் ஒத்துப்போகணும். ஆய்வுக்கு வர்றவங்க தொண்ணூறு நாளைக்கு ஒருதடவை வரணும்னு விதியே இருக்கு, வந்தா இதத்தான் முதல்ல ஒப்பிடுவாங்க. பாலினம் சொல்றதில்லங்கற போர்டு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், சர்டிபிகேட் கண்ணுக்குத் தெரியுற இடத்துல, சட்டப் புத்தகம் ஒரு காப்பி டேபிள்ல, இதெல்லாம் செலவில்லாத வேலை, இன்னைக்கே பண்ணிடலாம்.

மத்த லைசென்ஸ்கள்

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997, அதுக்கான விதிகள் 2018-ல வந்துச்சு, அதுக்கும் ஜேடி ஆபீஸ்தான். ஊசி, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவா தெரிய உடம்புல ஏத்துற மருந்து) சிரிஞ்ச், கையுறை வர்றதால 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி, படுக்கை இல்லாத சென்டருக்கு ஒருதடவை வாங்கினா போதும், கழிவு எடுக்கிற நிறுவனத்தோட ஒப்பந்தம் வச்சுக்கணும். கட்டட அனுமதி, தீயணைப்பு, உள்ளாட்சி லைசென்ஸ் உங்க ஊர்ல கேட்டுக்கோங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா இஎஸ்ஐயும், பாலியல் தொல்லை புகாருக்கான உள்ளகக் குழுவும் வந்துடும்.

பணம்: மெஷின் விலை பாதிக் கதைதான்

கொட்டேஷன்ல மெஷின் விலைய மட்டும் பாத்து பேரம் பேசாதீங்க. வாரண்டி முடிஞ்ச அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு சிஎம்சி (பாகங்களும் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எவ்வளவு, அதுல சிடி டியூப் சேருமா, யூபிஎஸ் பேட்டரி சேருமா, மெஷின் நின்னா எத்தன மணி நேரத்துல இன்ஜினியர் வருவார், வரலன்னா சிஎம்சில நாள் கூட்டித் தருவாங்களா. இதெல்லாம் பர்சேஸ் ஆர்டர்ல எழுத்துல வரணும், ஆர்டர் குடுத்த அப்புறம் கேட்டா விலை வேற.

ஜிஎஸ்டில ஒரு விஷயம் நிறைய பேர் மறந்துடுறாங்க. நோய் கண்டறியுற சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பேஷண்ட்கிட்ட வாங்க வேண்டாம். ஆனா நாம மெஷினுக்கும் சிஎம்சிக்கும் கட்டுற ஜிஎஸ்டிய திரும்ப எடுக்க முடியாது, அது முழுசா நம்ம செலவு. அதனால எல்லா விலையையும் வரியோட சேர்த்தே கணக்குப் போடுங்க. தேய்மானத்துலயும் வித்தியாசம் இருக்கு: கலர் டாப்ளர், எம்ஆர்ஐ மாதிரி உயிர்காக்கும் கருவிப் பட்டியல்ல இருக்கிறதுக்கு 40 சதவீதம், மத்த மெஷினுக்கு 15, ஆடிட்டர் சரியா பிரிச்சிருக்காரான்னு கேளுங்க. ரிப்போர்ட் எழுதுற டாக்டருக்கு ஃபீஸ் குடுக்குறப்ப டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும்.

எத்தன ஸ்கேன் வந்தா தாங்கும்னு ஒரு கணக்கு, எண்கள் உதாரணத்துக்குத்தான். இஎம்ஐ, வாடகை, சம்பளம், கரண்ட், சிஎம்சி எல்லாம் சேர்த்து மாசம் 7 லட்சம் நிலையான செலவுன்னு வைங்க. ஒரு சிடில ஃபிலிம், கான்ட்ராஸ்ட், ரிப்போர்ட் ஃபீஸ் போக சராசரியா கைல 1,800 நிக்குதுன்னா, மாசம் 389 சிடி வேணும், 26 நாள்னா தினம் 15. அல்ட்ராசவுண்டும் எக்ஸ்ரேயும் எவ்வளவு தாங்கும்னு இதே மாதிரி தனியா போட்டு கழிச்சுக்கோங்க. உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரிலயே டிஎன்எம்எஸ்சி (தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்) மூலமா குறைஞ்ச கட்டணத்துல சிடி எடுக்கிறாங்களான்னு பாத்துட்டு எண்ணிக்கைய முடிவு பண்ணுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், தனியார் இன்சூரன்ஸ், கம்பெனி டை-அப் வழியா வர்ற பணம் கைக்கு வர மாசக்கணக்காகலாம், அதனால ஆறு மாசச் செலவுக்கு கைல பணம் இல்லாம தொடங்காதீங்க.

கட் குடுக்காதீங்க

ரெஃபர் பண்ற டாக்டருக்கு கமிஷன். எல்லாரும் குடுக்கிறாங்க, குடுக்கலன்னா ஒரு பேஷண்டும் வரமாட்டாங்கன்னு சொல்லுவாங்க. 2002 மருத்துவ நெறிமுறை விதி 6.4 ரெஃபரலுக்காக குடுக்கிறது வாங்குறது ரெண்டையும் தடை பண்ணுது. விதிய மீறிக் குடுக்குற பணத்த வரிக்கணக்குல செலவா காட்டவும் முடியாது, மருந்துக் கம்பெனி டாக்டர்களுக்குக் குடுத்த பரிசுகள் சம்பந்தமா 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்குல இதத்தான் சொல்லுச்சு. பிசினஸ் மேம்பாடு, ஆலோசனைக் கட்டணம்னு பேர மாத்தி எழுதினாலும் அதே கதைதான்.

சட்டத்த விடுங்க, அந்தக் காசு யார் பாக்கெட்ல இருந்து வருது? தாலிய அடகு வச்சு அம்மாவுக்கு சிடி எடுக்க வந்தவர்கிட்ட இருந்து. அதே தொகைய ரேட்ல குறைங்க, ரேட் போர்ட வாசல்லயே வைங்க. டாக்டர்களுக்கு நாம தர வேண்டியது வேற: அன்னைக்கே ரிப்போர்ட், சந்தேகம்னா போன் பண்ணா எடுக்கிற ரேடியாலஜிஸ்ட், மூளைல ரத்தக்கசிவோ கர்ப்பப்பைக்கு வெளிய கருவோ பாத்தா பேஷண்ட் டேபிள்ல இருந்து எறங்குறதுக்குள்ள நாமளே கூப்பிட்டுச் சொல்றது. மெதுவாத்தான் கூட்டம் சேரும், ஆனா சேர்ற கூட்டம் கமிஷன் ஏறினதும் எதிர்த்த சென்டருக்கு ஓடாது. இதனாலதான் அந்த ஆறு மாசக் கைப்பணத்த முன்னாடியே சொன்னேன்.

ஆளும் கையெழுத்தும்

டிஆர்டிடி, பிஎஸ்சி இமேஜிங் முடிச்ச ரேடியோகிராஃபர்தான் எக்ஸ்ரே, சிடி எடுக்கணும். எடுபிடி வேலைக்கு வந்தவருக்கு பட்டன் சொல்லிக்குடுத்து ராத்திரி ஷிப்ட் ஓட்டுற சென்டர்ல ஒரு கான்ட்ராஸ்ட் ரியாக்‌ஷன் வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. பெண் பேஷண்டுக்கு ஸ்கேன் பாக்குறப்ப பெண் உதவியாளர் ரூம்லயே இருக்கணும், டிவிஎஸ்னா (பிறப்புறுப்பு வழியா பாக்குற ஸ்கேன்) கட்டாயம்.

டெலிரேடியாலஜில (படத்த ஆன்லைன்ல அனுப்பி வெளியூர் ரேடியாலஜிஸ்ட்கிட்ட) சிடி ரிப்போர்ட் வாங்கலாம், ஆனா எழுதுறவரோட பேர், தகுதி, கவுன்சில் பதிவு எண் ரிப்போர்ட்ல இருக்கணும், உங்களுக்கும் அவங்களுக்கும் ஒப்பந்தத்துல யார் எதுக்குப் பொறுப்பு, எத்தன மணி நேரத்துல ரிப்போர்ட், அவர்கிட்ட இன்டெம்னிட்டி (மருத்துவப் பிழை கேஸுக்கான இன்சூரன்ஸ்) இருக்கா எல்லாம் வரணும். உங்க ஸ்கேன் பண்ணின கையெழுத்த கம்ப்யூட்டர்ல வச்சுட்டு நீங்க பாக்காத ரிப்போர்ட்ல டைப்பிஸ்ட் ஒட்டுற வழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. கோர்ட்டுல அது உங்க ரிப்போர்ட்தான்.

பேஷண்ட் கேஸ் போட்டா

1995-ல வி.பி. சாந்தா வழக்குல இருந்து காசு வாங்கிப் பாக்குற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. புகார் குடுக்க 2 வருஷம் டைம். ரேடியாலஜில வர்ற புகார் பெரும்பாலும் பாக்க வேண்டியத பாக்காம விட்டீங்கங்கறதுதான், அதுலயும் அனாமலி ஸ்கேன் (கருவுல குறைபாடு இருக்கான்னு பாக்குறது) முதல் இடம். 2021 திருத்தத்துக்கு அப்புறம் கருக்கலைப்புக்கு சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரைக்கும், கடுமையான குறைபாடுன்னா அதுக்கு மேலயும் மெடிக்கல் போர்டு வழியா வாய்ப்பு இருக்கு. அதனால நீங்க எந்த வாரத்துல என்ன பாத்தீங்க, என்ன பாக்க முடியலங்கறது ரொம்ப முக்கியம். குழந்தை திரும்பி இருந்ததால இதயத்தோட இந்த வியூ கிடைக்கல, ரெண்டு வாரத்துல திரும்ப வாங்கன்னு ரிப்போர்ட்லயே தேதியோட எழுதுங்க. வாயால சொன்னத யாரும் நம்பமாட்டாங்க.

சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும், அந்த ஸ்கேனுக்கு ஏத்ததா இருக்கணும். கான்ட்ராஸ்டுக்கு அலர்ஜி, கிட்னி கேள்விகளோட ஒண்ணு, பயாப்சிக்கு தனி, அனாமலி ஸ்கேன்ல எல்லாக் குறையும் தெரியாதுங்கறது ஒண்ணு. அவசர போன் பண்ணினா யார்கிட்ட, எத்தன மணிக்குன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி. படங்கள பேக்கப் எடுத்து வைங்க, நல்ல படம் இருந்தா வேற ரேடியாலஜிஸ்ட் உங்களுக்காக வந்து சாட்சி சொல்ல முடியும். யாராவது ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு விதி இருக்கு.

வக்கீல் நோட்டீஸ் வந்தா பழைய ரிப்போர்ட்ட தொடாதீங்க, ஒரு எழுத்து கூட திருத்தாதீங்க, சாஃப்ட்வேர்ல நேரம் பதிவாகும். உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிங்க, லேட் ஆனா கிளைம் போயிடும். இன்டெம்னிட்டி உங்க பேர்ல ஒண்ணு, சென்டர் பேர்ல ஒண்ணு எடுங்க, ஏன்னா ஊழியர் தப்புக்கு சென்டர்மேலதான் கேஸ் வரும். வருஷா வருஷம் விடாம ரினியூ பண்ணாத்தான் பழைய ஸ்கேனுக்கும் கவர் நிக்கும்.

விளம்பரம், பேஷண்ட் விவரம்

சென்டர் திறந்தது, இடம் மாறினது, கட்டண விவரம் இதெல்லாம் அறிவிக்கலாம். மத்தபடி அந்த 2002 மருத்துவ நெறிமுறை விதி விளம்பரத்துல ரொம்ப கறார். பாலினம் தெரிஞ்சுக்கலாம்ங்கற மாதிரி ஒரு சாயல் கூட எங்கயும் வரக்கூடாது, அதுக்கும் 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஸ்கேன் படத்த பேரோட வாட்ஸ்அப் குரூப்ல போட்டு அபிப்ராயம் கேக்குற பழக்கத்த விடுங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்துக்கு 2025 நவம்பர்ல விதிகள் வந்தாச்சு, படிப்படியா அமலாகுது. பேர மறைச்சு அனுப்புறது, ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின், வேலைய விட்டவரோட லாகின அன்னைக்கே மூடுறது, இது மூணையும் இப்பவே ஆரம்பிங்க.

மாத்துறப்ப, விக்கிறப்ப, மூடுறப்ப

மெஷின வித்தாலோ எக்ஸ்சேஞ்ச் குடுத்தாலோ, வாங்குறவர் பிசிபிஎன்டிடில பதிவானவரான்னு அவர் சர்டிபிகேட் நகல் வாங்கிட்டுத்தான் அல்ட்ராசவுண்ட வெளிய விடணும், ஜேடி ஆபீஸுக்கும் எழுதணும். எக்ஸ்ரே, சிடி மெஷின் உங்க பேர்ல இலோராவுல இருக்கிற வரைக்கும் பொறுப்பு உங்களுது, அதனால மாற்றவோ செயலிழக்கச் செய்யவோ அங்க விண்ணப்பிச்சு அனுமதி வந்த அப்புறம்தான் லாரில ஏத்தணும், பழைய இரும்புக் கடைக்கு அப்படியே போடக்கூடாது. சென்டர மூடினா ஃபார்ம் பி ரெண்டு காப்பியும் சரண்டர் பண்ணி ரசீது வாங்குங்க, ஃபார்ம் எஃப், டிஎல்டி ரெக்கார்டு, சம்மதப் படிவம், படங்களோட பேக்கப் எல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பெட்டில வருஷம் எழுதி வைங்க, இன்டெம்னிட்டி கவர் இன்னும் எத்தன வருஷத்துக்கு நீட்டிக்கணும்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.